ஜெர்சனின் மூச்சு

எங்கள் குடும்பத்தில் குடித்தவன் என்று ஒருவன் கிடையாது. அதனால்தான் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து, அங்கேயே தங்கியிருந்த என் மகன் ஜெர்சன் ஞாயிறு காலையில் தள்ளாடிக்கொண்டு நாசரேத் வீட்டுக்கு வந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்கினான். வாயில் அழுகிய பழத்தின் வாடை.

"ஏலே, குடிச்சிருக்கியா?"

"இல்லப்பா... தாகமா இருக்கு."

கன்னத்தில் ஓர் அறை விட்டேன். போதை தெளியட்டும் என்று எலுமிச்சைச் சாற்றை வாயில் ஊற்றினேன். ஊரார் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு மனைவியோடு ஆராதனைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவனுக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, தூத்துக்குடியில் அவனோடு தங்கியிருப்பவனிடம் போனில் விசாரித்துவிட்டு, அதுவரை எனக்குத் தெரியாத அவனுடைய சர்க்கரை நோயைப் பற்றிச் சொன்னார்: "காய்ச்சல், சாப்பிடலன்னு ரெண்டு நாளா இன்சுலின் ஊசிய நிறுத்தியிருக்காரு. உடம்பு சர்க்கரைய எடுத்துக்க முடியாம கொழுப்ப எரிச்சு, ரத்தத்துல அமிலம் ஏறிட்டு. அந்த வாடை அதனாலதான் வந்தது. அமிலத்தக் கொறைக்கத்தான் நுரையீரல் அப்படிப் பாடுபட்டிருக்கு."

"பொழச்சிருவானா?"

"இப்பச் சொல்ல முடியாது. மூச்சு வாங்குறத எப்பப் பாத்தீங்க?"

"காலைல எட்டு மணிக்கு."

"இப்ப மணி ஒண்ணு. அவராவது யாரையும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டிருப்பான்" என்றேன். அறைச் சாவி இன்னும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.