ஏழு கயாக்கும் வந்து சேர்ந்தன

வலன்ரைனுக்கு எண்ணத் தெரியும். கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடமாகக் கப்பலிலிருந்து இறங்குகிற சாமான்களை எண்ணிக் குறிக்கும் கிளார்க் வேலை. மாவு மூட்டையோ, மரப்பெட்டியோ, காரோ, எதுவென்றாலும் நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கதை வந்தாலும் சனம் அவருடைய வாயைத்தான் பார்க்கும். அப்பேர்ப்பட்ட மனுசன் போன வருடம் மார்கழி இருபத்தெட்டாம் திகதி பின்னேரம் கற்பிட்டிக் கடல்நீர்க் களப்பின் கரையில் நின்று ஏழு கயாக்கை எண்ணினார். ஏழும் சரியாகத்தான் இருந்தன. ஒரு மனுசன்தான் குறைந்துபோனான்.

கிறிஸ்து பிறந்த நத்தார் முடிந்த கையோடு கற்பிட்டிக்குப் போவது அவர்களுக்குப் பதினொரு வருட வழக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து வலன்ரைன், அவருடைய பள்ளிக்கூடத் தோழன் ரெனால்ட், லொறி வைத்திருக்கிற பேர்னாட். வெள்ளவத்தையிலிருந்து ஹரிசன், அவனுடைய மனைவி சுபோதினி, ஹரிசனின் கந்தோரில் வேலை செய்கிற இரண்டு பேர். சைக்கிள்களை லொறியில் ஏற்றிப் பாலாவிச் சந்தியில் இறக்குவார்கள். அங்கிருந்து கற்பிட்டி மட்டும் மிதிதான். குளிர்காலம் என்று பெயர், பத்து மணி வெயிலுக்கு முதுகு வெந்துவிடும். தலவில் அன்னம்மாள் கோயில் திருநாளுக்குக் கூடாரம் அடித்துப் பழகிய கைகள் என்பதால் களப்புக் கரையில் கூடாரம் போட்டுத் தங்குவதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. முர்ஷித் என்கிற கற்பிட்டி மீனவரிடம் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகுகளை வாடகைக்கு எடுத்து, களப்பின் நடுவில் இருக்கும் மணல்தீடைக்குத் துடுப்புப் போட்டுப் போய், பொழுது சாயத் திரும்பி வருவார்கள்.

போன வருடம் திரும்பும் நேரத்தில் காற்று எழும்பிவிட்டது. களைத்தவர்களை ஏற்றிவர முர்ஷித் மோட்டார் வள்ளத்தோடு தீடைக்குப் போனார். வலன்ரைன் முதல் ஆளாகக் கரைக்கு வந்து, கொப்பியும் பென்சிலுமாக நின்றார். அவருடையதோடு நாலு கயாக் துடுப்புப் போட்டு வந்தன. மூன்று முர்ஷித்தின் வள்ளத்துக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தன. ஏழு கோடு. ‘சரி’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் வைத்தார். அது அவருடைய கைப்பழக்கம். ரெனால்ட் தீடையின் மறு அந்தத்தில், கண்டல் பற்றைகளுக்கு அங்காலே நின்றதை ஒருவரும் அறியவில்லை. வள்ளத்தில் வந்தவர்கள், பின்னால் எத்தனை கயாக் இழுபடுகிறது என்று பார்க்காமல், அவர் துடுப்புப் போட்டு வருகிறார் என்று நினைத்தார்கள். துடுப்புப் போட்டவர்கள் அவர் வள்ளத்தில் வருகிறார் என்று நினைத்தார்கள். அவருடைய கயாக்கும், அதற்குள் கிடந்த லைஃப் ஜக்கெற்றும் பத்திரமாகக் கரை சேர்ந்தன.

சோறு வைக்கும்போதுதான் ஆளைத் தேடினார்கள். விடிந்த பிறகு முர்ஷித்தின் ஆட்கள் உடலைக் கொண்டுவந்தார்கள். பொலிஸ்காரர் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கடைசியாக ஆளைக் கண்டது யார்?

வலன்ரைனின் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. கையெழுத்து வைத்த தாளில் பிழை வந்தால் எந்தக் கிளார்க்கும் பிழை என்று சொல்லமாட்டான். “இறங்கினது முழுசாத்தான் இறங்கினது, பிறகுதான் குறைஞ்சது” என்று சொல்லிவிடுவான். முப்பத்தொரு வருடம் சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஊறிப்போயிருந்தது. சவத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கும் அதுதான் வந்தது. “நான்தான் கண்டனான். எண்ணேக்க கரையில நிண்டவர். பிறகுதான் காணேல்ல.”

பொய். அவர் ரெனால்ட்டைக் காணவே இல்லை. ஒரு வசனம், தன்னுடைய தலையைக் காப்பாற்ற. அதற்குப் பிறகு யாரும் அவரை ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் கரையில் நின்ற மனுசன், கயாக்கும் கரையில் கிடக்க, இருட்டுப்படுகிற நேரத்தில் தண்ணீருக்குள் ஏன் போனான்? அதற்கு ஊர் ஒரு பதில் கண்டுபிடித்தது. ஒருகொடவத்தை கொள்கலன் யார்ட்டில் ரெனால்ட்டுக்கு வேலை போய் இரண்டு மாதம். தானாகத்தான் செத்தான் என்று சொல்ல வேறென்ன வேண்டும்? செத்த வீட்டிலேயே குசுகுசுப்புத் தொடங்கிவிட்டது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மனைவி பிறிஜெற்றின் காதிலும் விழுந்தது. வலன்ரைன் அந்தப் பெட்டியின் ஒரு மூலையைத் தோளில் சுமந்து போனார். வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் அவர் போகிறதாகவே இல்லை. பிறிஜெற்தான் வீடு தேடி வந்தார்.

“அண்ணன், றஷ்மி அந்த இடத்தைப் பாக்கோணுமாம். நீங்கள் பக்கத்தில நிண்டால் எனக்குப் பயமில்ல” என்றார். “முப்பதாம் திகதி ஞாயிறு ஆண்டுப் பூசை. அதுக்கு முதல் கூட்டிக்கொண்டு வந்திடுங்கோ.”

மாட்டேன் என்று சொல்ல என்ன முகாந்திரம் இருக்கிறது? இருபத்தேழாம் திகதி விடியப் பேர்னாட்டின் லொறியில் சைக்கிள்கள் ஏறின. றஷ்மிக்கு இருபத்திரண்டு வயது. தகப்பனின் சைக்கிளைத்தான் கொண்டுவந்தாள். சீற்றைக்கூடப் பதிக்காமல் எம்பி எம்பி மிதித்தாள். பாலாவியிலிருந்து நாற்பது கிலோமீற்றரும் வலன்ரைன் அவளுக்குப் பின்னால் மிதித்துக்கொண்டு போனார். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பனை. முன்னால் ரெனால்ட்டின் சைக்கிளின் பின் மட்கார்ட். அதில் ஒட்டியிருந்த பழைய ஸ்ரிக்கரைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை முர்ஷித் வள்ளத்தில் றஷ்மியைத் தீடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் பூப்போட்டு, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, அது காற்றில் நூர நூரத் திருப்பித் திருப்பிக் கொளுத்தினாளாம். முர்ஷித் வந்து சொன்னார். “எனக்கு ஏலாமப் போச்சு நானா. நான் அங்கால திரும்பி நிண்டுட்டன்.”

பின்னேரம் பேர்னாட்டும் ஹரிசனும் சுபோதினியும் மற்ற இருவரும் ஐந்து கயாக்கில் புறப்பட்டார்கள், முர்ஷித்தும் வள்ளத்தோடு கூடப் போனார். வலன்ரைன் தண்ணீரில் இறங்கவில்லை. கூடாரத்துக்கு முன்னால் மண்ணில் இருந்தார். றஷ்மி வந்து பக்கத்தில் இருந்தாள்.

“அங்கிள், நீங்கள் கடைசியாக் காணேக்க அப்பாட முகம் எப்பிடி இருந்தது?”

“இருட்டுப் பிள்ளை. வடிவாத் தெரியேல்ல.”

“கோபமா இருந்தவரா? அழுத மாதிரி ஏதும்?”

“இல்லம்மா.”

அவள் ஒரு சிப்பியை எடுத்து மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். “இங்க வெளிக்கிடேக்க நான் அவருக்கு ஒண்டு சொன்னனான். அம்மாவுக்கும் தெரியாது. வேலையும் இல்லாம இருந்துகொண்டு ட்ரிப் ஒரு கேடா அப்பா எண்டு கேட்டனான். அவர் சிரிச்சுப்போட்டுப் போயிட்டார். அதுதான் நான் அவரோட கதைச்ச கடைசிக் கதை.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நான் சொன்னதாலதான் அங்கிள் அவர் தண்ணிக்குள்ள போனவர்.”

ஊர் கதைக்கும், பிறிஜெற் அழுவார் என்று வலன்ரைனுக்குத் தெரியும். இந்தப் பிள்ளை ஒரு வருடமாகத் தகப்பனைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு சாப்பிட்டு, படுத்து, எழும்பி வேலைக்குப் போய்வந்தது அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். “அப்பிடி நினைக்காத பிள்ளை” என்பதுதான் வந்தது. சீ, என்ன மனுசன்.

சூரியன் இறங்கியது. தூரத்தில் வள்ளத்தின் மோட்டார்ச் சத்தம் கேட்டது. கொப்பியை எடுக்கிற துணிவு அவருக்கு இல்லை. பையிலிருந்து எடுத்து றஷ்மியிடம் நீட்டினார். “நீ ஒருக்கா எண்ணு பிள்ளை. எனக்குக் கண் சரியில்ல.” எந்தக் கொப்பியை நீட்டினோம் என்றுகூட அவர் யோசிக்கவில்லை.

றஷ்மி கரையில் நின்று பக்கத்தைத் திருப்பினாள். முந்தின பக்கத்தில் கிடந்த போன வருடத்துக் கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதே மாதிரி, நாலு கோடு நேராக, ஒன்று குறுக்காகப் போட்டாள்.

“அஞ்சும் வந்திட்டுது அங்கிள்.”

வலன்ரைன் நிமிர்ந்து பார்த்தார். நாலு கயாக்கில் ஆள். ஐந்தாவது வள்ளத்துக்குப் பின்னால் கயிற்றில், வெறுமையாக ஆடிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பது அவருக்குப் பாதிதான் ஞாபகம். செருப்போடு தண்ணீருக்குள் ஓடினார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்: “கயாக்கை எண்ணாத. ஆளை எண்ணு. எங்க சுபோ? ஆளை எண்ணு எண்டுறன்.”

முர்ஷித் மோட்டாரை நிற்பாட்டினார். அவருக்குப் பின்னாலிருந்து சுபோதினி எழும்பிக் கையைக் காட்டினாள். “இங்க இருக்கிறன் அண்ணா. தோள்மூட்டு நோகுது எண்டு ஏறினனான்.”

எல்லோரும் கரைக்கு வந்தார்கள். வலன்ரைன் தண்ணீரிலேயே நின்றார். பேர்னாட் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மணலில் இருத்தினார். றஷ்மி கொப்பியோடு முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கள் செய்தமாதிரித்தான் நானும் செய்தனான்” என்றாள். முந்தின பக்கத்தை விரித்துக் காட்டினாள். அதில் அவருடைய கையெழுத்து. போனது கயாக் ஏழு. வந்தது கயாக் ஏழு. சரி. “இதில ஒரு ஆளிண்ட பேரும் இல்ல. அங்கிள், நீங்கள் அப்பாவைக் கண்டனீங்களா?”

ஓம் என்றால் முடிந்தது. பேர்னாட் நம்புவார், ஹரிசன் நம்புவான், ஊரே ஏற்கெனவே நம்பியாயிற்று. இந்தப் பிள்ளையும் நம்பி, சாகும்வரை அந்த ஒற்றைக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிவாள்.

“இல்லப் பிள்ளை” என்றார். “நான் காணேல்ல.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எண்ணியதையும், பொலிஸ்காரருக்குச் சொன்னதையும், ஏன் சொன்னேன் என்பதையும். “அவன் கரைக்கு வரவே இல்ல. நாங்கள்தான் அவனைத் தீடையில விட்டுட்டு வந்தனாங்கள். அவன் வரப் பாத்துத்தான் தண்ணிக்குள்ள இறங்கியிருக்கிறான்.” முர்ஷித் தலையில் கையை வைத்துக்கொண்டு வள்ளத்து விளிம்பில் இருந்துவிட்டார். ரெனால்ட்டின் அந்த மூன்றாவது கயாக்கைக் கயிற்றில் கட்டியது அவருடைய கைதான். பேர்னாட் எழும்பி நின்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போனார்.

றஷ்மி அழவில்லை. ஃபோனை எடுத்து ஒரு இலக்கத்தை அழுத்தி, அது அடிக்கத் தொடங்கியதும் அவருடைய கையில் வைத்தாள். “அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ.”

சொன்னார். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கடினமாக இருந்தது.

“அப்ப அவர் வீட்ட வரத்தான் பாத்தவர்” என்றார் பிறிஜெற்.

“ஓம்.”

“எங்களை விட்டுட்டுப் போகேல்ல.”

“இல்ல பிறிஜெற்.”

“ஒரு வருசமா நான் அந்த மனிசனை ஏசினனான், அண்ணன். ஒவ்வொரு நாளும் படத்துக்கு முன்னால நிண்டு ஏசினனான்.” அதற்குப் பிறகுதான் குரல் உடைந்தது. அழுது முடியும்வரை வலன்ரைன் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தார். வேறென்ன செய்ய.

“ஞாயிறு பூசைக்கு வாங்கோ” என்றார் பிறிஜெற் கடைசியாக. “கோயில் வாசல்ல நிண்டு, வாற ஒவ்வொரு ஆளுக்கும் இதைச் சொல்லுங்கோ. ஒரு ஆளும் தவறப்படாது. அதுக்குப் பிறகு பொலிசுக்கும் சொல்லுங்கோ.”

“சொல்லுறன்.”

ஞாயிறு காலை முதல் மணி அடிக்க முன்னரே அவர் வாசலில் நின்றார். வெள்ளைச் சேர்ட், தோய்த்து மினுக்கியது. வந்தவர்களை ஒவ்வொருவராக மறித்துச் சொன்னார். சிலர் கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஒரு கிழவர் அவருடைய காலடியில் துப்பினார். குசுகுசுத்த வாய்களும் வந்தன, அவர்களுக்கும் சொன்னார். ரெனால்ட்டோடு யார்ட்டில் வேலை செய்த ஒருவன் கேட்டுவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கடைசியாகப் பிறிஜெற்றும் றஷ்மியும் வந்தார்கள். பிறிஜெற் அவரைப் பார்க்காமலே கேட்டார்.

“எத்தினை பேருக்குச் சொன்னீங்கள்?”

“எண்ணேல்ல” என்றார் வலன்ரைன். “ஒவ்வொருத்தரிண்ட முகத்தையும் பாத்துப் பாத்துத்தான் சொன்னனான்.”

பிறிஜெற் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். றஷ்மி ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு அவளும் தாய்க்குப் பின்னால் போனாள். பூசை தொடங்கியிருந்தது. வலன்ரைன் வாசலிலேயே நின்றார்.