கால்வாசி கழித்தால்

நனைத்த பஞ்சை அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மகள்தான், காரிலிருந்து.

"இன்னும் நூத்தறுபது கிலோமீட்டர் இருக்கும்மா. எண்பதுல வர்றேன்."

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே கணக்குப் போட்டார். "எண்பதுன்னா... தூரத்துல கால்வாசியக் கழி. மிச்சம்தான் நிமிஷம். நூத்திருபது. ரெண்டு மணி நேரம்."

முப்பத்துமூன்று வருடம் லாரி ஓட்டிய மனுஷர். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியதே தவிர, கணக்கு பிசகவில்லை. அந்த இரண்டு மணி நேரம் தாங்குவாரா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. காலையில் வந்து பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். நான்கு நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை. அழக்கூட அலுப்பாக இருந்தது. மகள் வந்து உயிரோடு முகத்தைப் பார்த்துவிட்டால் போதும், பிறகு நடப்பது நடக்கட்டும் என்று இருந்தாள்.

அரை மணி கழித்து அவர் கேட்டார். "எங்க வர்றா?"

பக்கத்தில் வந்துவிட்டாள் என்று தெரிந்தால் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடப்பார் என்று அவளுக்குப் பட்டது. "நூறுதான் இருக்காம்," என்றாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். அவளுக்கோ கணக்கு என்றால் எட்டிக்காய்.

அவர் கண்ணைத் திறந்தார். "அரை மணியில அறுபதா? இரட்டிச்சா நூத்திருபது. நூத்திருபதுலயா ஓட்டுறா?"

"இல்லங்க, ரோடு காலியா இருக்காம்..."

"கிறுக்கி. எதுலயாவது கொண்டுபோய் விட்டுடுவா. மெதுவா வரச் சொல்லு. இப்பவே சொல்லு."

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மகளை அழைத்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசினாள். "அப்பா மெதுவா வரச் சொல்றாரும்மா."

"எண்பதைத் தாண்டவே இல்லையேம்மா நான்."

"சரின்னுட்டா," என்றாள் அவரிடம்.

"நிதானமா வரட்டும். நான் எங்க ஓடிப்போகப் போறேன்."

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அவள் நெஞ்சைத் தடவிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அடுத்தது வரவேயில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் போட்ட கணக்கில் இன்னும் அரை மணி பாக்கி இருந்தது. போகிற மனுஷனுக்கு இல்லாத பயத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

போன் அடித்தது.

"நாப்பதுதாம்மா இருக்கு. கொஞ்சம் அழுத்துனா இருபது நிமிஷத்துல வந்துடுவேன். அப்பா முழிச்சிருக்காரா?"

இருபது நிமிஷத்தில் நாற்பது. அவள் விரலை மடக்கினாள். மூன்று இருபது ஒரு மணி. மூன்று நாற்பது...

"நூத்திருபது," என்றாள்.

"என்னம்மா?"

"வேணாம். எண்பதுலயே வாம்மா. அவசரம் ஒண்ணுமில்ல."

மறுமுனையில் காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கியது. காற்று மெல்ல மெல்லக் குறைந்து, கார் ஓரமாக நின்றுபோன பிறகும் அது அடித்துக்கொண்டே இருந்தது.