சொல்லாமல் குதித்தவன்

அந்தப் பயலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவன். அதனால் அவனுக்கு வாலு என்று பெயர் வைத்திருந்தோம். நான் வரைபடம் பார்த்து வழி சொல்பவன். கேப்டனுக்குப் பின்னால் என் மேஜை.

குதிக்கிறவன் முதலில் மைக்கில் "நான் போறேன்" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் ஹெட்போன் வயரைக் கழற்ற வேண்டும். கடைசி ஆளும் சொன்ன பிறகுதான் கேப்டன் இருக்கையை விட்டு எழுவார். இது எங்கள் விதி. இதைவிடச் சுலபமாக ஒரு விதி இருக்க முடியுமா?

குண்டு போட்டுவிட்டு எங்கள் எல்லைக்குள் திரும்பிய பிறகு இடது இறக்கை எரியத் தொடங்கியது. கேப்டன் வயல்வெளிக்கு மேல் வட்டமடித்தபடி எல்லோரையும் குதிக்கச் சொன்னார். ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வாலுவிடமிருந்து மட்டும் பேச்சுமூச்சே இல்லை.

"டேய் வாலு, கேக்குதா? ஏதாவது சொல்லுடா!"

"நான் போய்ப் பாக்கறேன் சார்."

"தீ நடுவுக்கும் பரவிடுச்சு, எப்படிப் போவே? நீ குதி. அவன் அடிபட்டுக் கிடக்கறான்போல. நான் எப்படியாவது தரையில இறக்கிடறேன்."

வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டுக் குதித்தேன். விழுந்து எழுந்து பார்த்தால், சற்றுத் தள்ளி வாலு சாவகாசமாகப் பாராசூட்டைச் சுருட்டிக்கொண்டிருக்கிறான்!

"நீ எப்படா குதிச்சே?"

"தீன்னு சொன்னதுமே வயரைப் பிடுங்கிட்டு..."

"சொன்னியாடா?"

அவன் முகம் வெளுத்துப்போனது.

தலைக்கு மேலே விமானம் புகை கக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் போனது. இருவரும் பாராசூட் துணியை வீசிக்கொண்டு ஓடினோம். தொண்டை கிழியக் கத்தினோம். எவனுக்குக் கேட்கும்? கேப்டன் காலி வாலைச் சுமந்துகொண்டு தாழ இறங்கினார். மரங்களுக்கு அப்பால் விமானம் தரையில் மோதி வெடித்தது.

தோழனைக் கைவிடாத வீரர் என்று கேப்டனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் மனைவியைப் பார்க்க இருவரும் போனோம். உட்காரச் சொல்லும் முன்பே வாலு நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டான். அண்ணி அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார், என் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் அடங்கும் என்று காத்திருந்தேன்.

"நீங்க தப்பிச்சது அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாதா, தம்பி?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணி."

"ஐயோ... அப்ப உங்களையும் சேத்துக் கொன்னுட்டோமேன்னு நெனச்சுக்கிட்டா போனாரு?"