இஸ்திரி போட்ட சட்டைகள்

லியானா கம்பியில் தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குள் அப்பாவுக்கான துணியைச் சவ அடக்க நிலையத்தில் சேர்த்துவிட வேண்டும். மாலை நான்கு மணிக்குத் தேவாலயத்தில் உடலை வைத்துவிடுவார்கள்.

மொத்தம் ஏழு சட்டைகள். ஏழும் கஞ்சி போட்டுத் தேய்த்தவை. அவளுக்குத் தெரிந்த அப்பாவிடம் இஸ்திரிப் பெட்டியே கிடையாது.

"இதெல்லாம் யாருடா தேச்சது?"

"வேற யாரு? அவரேதான்." தம்பி ராய்ஸ் கதவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். "ஏப்ரல்லேருந்து ஆளே மாறிட்டாரு. தினம் சவரம். புதுப் பல்செட்டு. வாரா வாரம் முடிவெட்டு. உயிர் போனதுகூட அந்த முடிவெட்டுற நாற்காலியிலதான். பாதித் தலை வெட்டியிருந்தாங்க. நீ சொல்லு, எழுபத்தோரு வயசுல ஒருத்தன் எதுக்கு இந்தப் பாடு படுவான்?"

"எதுக்கு?"

"பொம்பளைக்குத்தான், டாக்டரம்மா! இந்தப் பள்ளத்தாக்குல எல்லாருக்கும் தெரியும், உனக்கு மட்டுந்தான் தெரியல. யாருன்னுதான் கண்டுபிடிக்க முடியல. நான் வில்மா மேல பந்தயம் கட்டியிருக்கேன். சர்ச்ல பியானோ வாசிப்பாளே, அவ."

லியானா சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. அப்பா ஹோபர்ட் ஸ்டேசி நாற்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் எந்திரங்களைப் பழுது பார்த்தவர். மனைவியின் சவ அடக்கத்துக்கே வேலை பூட்ஸோடு வந்தவர். அவருக்கு ஒரு காதலி!

"இன்னும் என்ன இளிப்பு?" அத்தை ஓப்பல் உள்ளே வந்தாள். அப்பாவின் அக்கா, பள்ளிக்கூட நூலகத்தில் முப்பது வருஷம் இருந்தவள். "ராய்ஸ், போய் நாற்காலிய வண்டில ஏத்து. நாப்பது நாற்காலி தானா நடந்து சர்ச்சுக்குப் போகாது."

அவன் போனதும் அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். சட்டைகளைப் பார்த்தாள்.

"பொம்பளையும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள். "நீ எழுதினியே ஒரு தாளு, அதான்."

"எந்தத் தாளு?"

"உன் படிப்புக்கு. ஏப்ரல்ல அவன உக்கார வெச்சு கேள்வி கேட்டியே."

லியானாவின் கை சட்டையின் மேலேயே நின்றுவிட்டது.

பதினாறு வருஷம் வார்டு நர்ஸாக இருந்துவிட்டு, முப்பத்தொன்பதாம் வயதில் அவள் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேர்ந்திருந்தாள். முடித்தால் டாக்டரைப் போலவே நோயாளியை ஆராய்ந்து மருந்து எழுதித் தரலாம். ஐந்து மாவட்டத்துக்கு ஒரே ஒரு மனநல டாக்டர் இருக்கும் ஊரில் அது சின்ன விஷயமில்லை. நோயில்லாத ஒருவரைப் பேட்டி கண்டு, நோயாளியைப் பற்றி எழுதுவது போலவே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பருவத்தின் வீட்டுப் பாடங்களில் ஒன்று. அப்பாவைக் கேட்டாள். "எனக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே அவர் உட்கார்ந்தார்.

"என் மேசை மேல இருந்தது. தேடினேன், காணல," என்றாள் லியானா.

"அவன்தான் எடுத்துட்டு வந்தான். என்கிட்ட குடுத்து, 'அக்கா, எம்பொண்ணு என்னப் பத்தி எழுதி முதல் மார்க்கு வாங்கிருக்கா, படிச்சுக் காட்டு'ன்னான். அவனுக்குப் பெரிய எழுத்தே தட்டுத் தடுமாறித்தான் வரும், உனக்குத் தெரியாததா? நானும் லேசா எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பாதில நிறுத்தினேன். 'மேல படி'ன்னுட்டான்."

லியானாவுக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை. *எழுபத்தொரு வயது ஆண். வயதைவிட முதிர்ந்த தோற்றம். உடை கசங்கிக் கறை படிந்துள்ளது. நகங்களில் அழுக்கு. பற்கள் சிதைந்துள்ளன, பராமரிப்பு இல்லை. பேச்சு கேட்ட கேள்வியை விட்டுச் சுற்றி வளைத்துச் செல்கிறது. தேவையற்ற விவரங்கள் மிகுதி. பலமுறை இடைமறித்துத் திருப்ப வேண்டியிருந்தது.* ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்தார்: கூர்மையான கவனிப்பு!

"அன்னிக்குக் காலைல அவரு என் கார் பிரேக்க மாத்திட்டிருந்தாரு," என்றாள். "கை கழுவிட்டு வரேன்னாரு. நாந்தான் நேரமாச்சு, அப்படியே உக்காருங்கன்னேன்."

"அது தாள்ல இல்லையே."

"இல்ல."

"கோவப்படலடி அவன். 'பிழையா ஒண்ணும் எழுதலையே, பொண்ணு நல்லாத்தான் பாக்குறா'ன்னான். மறுநா டவுனுக்குப் போயி இஸ்திரிப் பெட்டி வாங்கிட்டு வந்துட்டான்."

லியானா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டைகளையும் பல்லையும் விட வேறொன்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால், அப்பா பக்கத்து வீட்டுக் கோவேறு கழுதையில் ஆரம்பித்து, எழுபத்தெட்டாம் வருஷத்து வெள்ளத்துக்குப் போய், சுரங்கத்தில் கூரை சரிந்த நாளைத் தொட்டு, முக்கால் மணி நேரம் கழித்து 'நல்லா இருக்கேன்' என்று முடிப்பார். இந்தக் கோடை முழுவதும் 'நல்லா இருக்கேன்' மட்டும்தான் வந்தது. கேட்டதற்கு ஒரு பதில், அதோடு சரி. படிக்க நேரம் கிடைக்கிறதே என்று அவள் நிம்மதிப்பட்டிருந்தாள். ஒருமுறை, கூரை சரிந்த அன்று தன் பக்கத்தில் நின்ற ஆளைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தார். அது பேட்டியின்போதுதான். இடைமறித்து, 'தூக்கம் எப்படி இருக்கு?' என்று கேட்டவள் அவள்தான்.

"ராய்ஸுக்குத் தெரியுமா, அத்தை?"

"நான் சொல்லல. சொல்றதும் சொல்லாததும் உன் பாடு." அத்தை எழுந்தாள். "நீலச் சட்டைய எடு. அது அவனுக்குப் பிடிக்கும்."

நான்கு மணிக்குத் தேவாலயம் நிறைந்துவிட்டது. பின்னறையில் பன்றித் தொடைக் கறியும் பீன்ஸும் சோள ரொட்டியும் வரிசையாக இருந்தன. பெட்டிக்குள் அப்பா நீலச் சட்டையில் கிடந்தார். வெட்டாமல் விட்ட பாதித் தலையை முடிதிருத்துபவர் சவ அடக்க நிலையத்துக்கே போய் வெட்டிவிட்டு வந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "மாப்பிள்ள மாதிரி இருக்காரு." சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் பியானோ பக்கம் பார்த்தார்கள்.

லியானா ராய்ஸிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனாள். முதல் தடவை அவன் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை தனியாகத்தான் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?" என்றான் அவனே. கண் சிவந்திருந்தது. "கடைசி ஆறு மாசம் அவரு சந்தோசமா இருந்தாரு. அது போதும் எனக்கு. நீ என்ன சொல்ல வந்த?"

"சாப்டியான்னு கேக்க வந்தேன்."

பியானோ நின்றபோது வில்மா எழுந்து நேராக அவளிடம் வந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். கைக்குட்டையைச் சின்னதாக மடித்து விரல்களுக்குள் வைத்திருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காத," என்றாள் தாழ்ந்த குரலில். "ஊர்ல ஏதேதோ பேசுறாங்க. என்கிட்ட அவரு ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா ஏப்ரல்லேருந்து ஞாயித்துக்கெழம தவறாம முன் வரிசைல வந்து உக்காருவாரு, அப்படி உடுத்திக்கிட்டு. பாட்டு நல்லாருந்துதுன்னு ஒரு தடவ சொன்னாரு. அவ்வளவுதான்." கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தாள். "என்னப் பத்தி உங்கிட்ட எப்பவாவது பேசினாரா?"

ஓப்பல் அத்தை இரண்டடி தள்ளி நின்று கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குவது நின்றது.

லியானா வில்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி. அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"பேசுவாரு," என்றாள்.

"என்ன சொல்லுவாரு?"

"நல்லா வாசிக்கிறீங்கன்னு. நெறைய சொல்லுவாரு."

வில்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். கோப்பைகள் மறுபடி ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் சத்தம் கேட்டது.

போதகர் எல்லாரையும் உட்காரச் சொன்னார். வில்மா பின் வரிசைக்குப் போகத் திரும்பினாள். ராய்ஸ் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அங்க எங்க போறீங்க? குடும்பத்தோட உக்காருங்க."

முன் வரிசையில் இடம் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த லியானா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டி இருந்த பக்கத்திலிருந்து சுவரோரமாக நகர்ந்தாள். வில்மா பாவாடையைச் சரிசெய்துகொண்டு அவளுக்கும் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.