கை அடையாளம் பிடிக்காத சுவர்

கொழும்பு 6 பகுதியில் தரை என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் உண்டு, அது தன் வீட்டில் இருக்கிறது என்பது கஜேந்திரனின் முடிவு. மற்றவர்கள் ஏதோ ஒன்றின் மேல் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் சிவக்கொழுந்து இடுப்பெலும்பு மாற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்தச் சாதனை நடந்தது. கிருலப்பனையிலிருந்து ஆள் பிடித்து, மெஷின் போட்டு, தேய்ந்து மங்கிய பழைய டெறாசோத் தரையைக் கண்ணாடியாக்கினான். நடையின் இரண்டு சுவருக்கும் தோள் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். "சேர், இதில கை அடையாளமும் பிடிக்காது" என்று கடைக்காரன் சொன்ன பிறகு அவன் வேறு டைல்ஸ் பார்க்கவில்லை.

மாமா திரும்பும் நாள் காலையில் பார்த்தால், மனைவி உஷாந்தி வாசலிலிருந்து அறைவரைக்கும் அரிசிச் சாக்குகளை நனைத்துப் பிழிந்து, தரையோடு ஒட்டிப் பிடிக்க விரித்திருந்தாள்.

"இதென்ன, அரிசிக்கடையோ? லொறி எத்தினை மணிக்கு?"

"அப்பா வழுக்கினா? இன்னொருக்கா விழுந்தா எழும்பமாட்டார் எண்டு டொக்டர் சொன்னவர்."

"உம்மட பரம்பரைக்குச் சாக்கில்லாமல் நடக்கத் தெரியாதோ?"

சுருட்டிப் பல்கனியில் எறிந்தான். பிறகு கனடாவிலுள்ள சொந்தங்களுக்கு அனுப்ப வீடியோ எடுப்பதற்காகப் போனோடு அறை வாசலில் நின்றான்.

மாமா ஊன்றுகோலோடு வந்தார். பின்னால் உஷாந்தி, இரண்டு கையிலும் ஆஸ்பத்திரிப் பைகள். நடையின் நடுவில் ஊன்றுகோல் மட்டும் ஒரு சாண் முன்னே போனது. அவர் சுவரைப் பிடித்தார். கை டைல்ஸில் மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது. கடைக்காரன் பொய் சொல்லியிருக்கவில்லை.

"பிள்ளை," என்றார்.

"அசையாதேங்கோ அப்பா."

பைகளைப் போட்டுவிட்டு ஓரடி வைத்த உஷாந்தி, தானும் சறுக்கிக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். கஜேந்திரன் பாய நினைத்தான். பாய்ந்தால் மாமாவின் காலில்தான் போய் முட்டுவான் என்று தரையே சொன்னது. உட்கார்ந்தான். புட்டத்தால் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தான். மாமாவின் கை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கையின் கீழே போய்ச் சேர்ந்து தலையைக் கொடுத்தான். மாமா தலைமயிரை இறுக்கிப் பிடித்தார். அந்த வீட்டில் வழுக்காதது அது ஒன்றுதான்.

உஷாந்தி சுவரோடு சுவராக நகர்ந்து கதிரை கொண்டுவந்து அவரை இருத்தினாள்.

"நல்லாப் பளபளக்குது தம்பி," என்றார் மாமா, மூச்சு வந்ததும். "விழப்போகேக்க என்ர முகத்தை வடிவாப் பாத்தனான்."

உஷாந்தி சுவரோரமாகப் போய் நடையில் கிடந்த பைகளைப் பொறுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா மெல்லக் கேட்டார்: "பாத்ரூம் எந்தப் பக்கம், முந்தின இடத்திலதானே?"

கஜேந்திரன் பல்கனிக்குப் போனான். குழாயடியில் சாக்குகளை நனைத்தான், பிழிந்தான், மாமாவின் கதிரையிலிருந்து பாத்ரூம்வரைக்கும் ஒன்றோடொன்று தொட விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவினான். அரிசிப் பெயர் மேலே தெரிந்த ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டான்.