முதியான்சே வீட்டுத் தையல் மெஷினும் பல்லிமுகக் கடைக்காரியும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது என் கட்டிலுக்குக் கீழேயிருந்து வந்தது.

2008ஆம் ஆண்டு நான் கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில், மாடியறை ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். ஊர் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டம். பெயர் சுவக்கின். அச்சகம் ஒன்றில் புரூப் திருத்துகிற வேலை. அறையின் தரை பலகை. கீழே வீட்டுக்காரி தும்மினால் மேலே என் தேநீர் ஆடும்.

வீட்டுக்காரி லீலாதேவி அம்மா யாழ்ப்பாணத்தவர். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பிரதம லிகிதராக, கோப்பும் கணக்குமாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் கனடாவில். ஒரு ஞாயிறு பின்னேரம், வீட்டில் தனியாக இருந்த அந்த மனுஷி யாருடனோ பேசுவது பலகை வழியாகக் கேட்டது.

“கொஞ்சம் பொறும் பிள்ளை. உம்மடை நன்மைக்குத்தான் எடுக்கிறன்.”

யாரிடமிருந்து எதை எடுக்கிறார்? தமிழர் வீட்டில் ஒரு விருந்தாளி தங்கினாலும் பொலிசில் பதியவேண்டிய போர்க்காலம். இறங்கிப் போனேன். மகன் விட்டுப்போன கம்ப்யூட்டருக்கு முன்னால் அம்மா இருந்தார். திரையில் ஒரு பழைய காலத்துக் கோட்டை நகரம், அதில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரிக்குப் பச்சைத் தோல், பல்லி முகம். அவள் திரும்பி நிற்கிற நேரமாகப் பார்த்து லீலாதேவி அம்மா அவளுடைய சீஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்று எழுதிப் பார்த்தவை:

‘கள்ளர்களில் இருவகையினர் உண்டு. முதலாவது வகையினர்—’ வேண்டாம். இது சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரை.

‘போர் உக்கிரமடைந்திருந்த அந்நாட்களில் மலைநகரின் மீது பனி மெல்ல—’ பனி இறக்கினால் கண்டி வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் ஒரு மத்தியானம் நின்று பார்க்கட்டும்.

‘எழுத்தாளனும் ஒரு கள்ளன்தான்—’ இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் திருத்திய புத்தகங்களிலேயே நாலைந்தில் இருக்கிறது.

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடர்கிறேன்.

3

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். (அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அது கடைத்தெருவில் மலிவாக விற்ற கள்ளப் பிரதி. கள்ளனாக விளையாடும் விளையாட்டைக் காசு கொடுத்து ஒழுங்காக வாங்கியவர் எவரையும் நான் கண்டியில் சந்தித்ததில்லை.) பெரிய உலகம். எங்கும் போகலாம், எந்தக் கதவையும் திறக்கலாம். தொடக்கத்தில் வீரனா, மந்திரவாதியா, கள்ளனா என்று கேட்கும்.

“ஏம்மா கள்ளன எடுத்தீங்க?”

“கள்ளனுக்குத்தான் வீடு வீடாப் போகலாம் எண்டு போட்டிருந்தது. எனக்குச் சண்டையும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். ஆக்கள் எப்பிடி இருக்கினம் எண்டு பாக்கவேணும்.”

பார்த்தார். பார்த்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அந்த நகரத்தில் எல்லோரும் மனித முகம். ஒரு தெருவில் மட்டும் சில பல்லிமுகக் குடும்பங்கள்.

“இவை எங்கடை ஆக்கள்,” என்றார்.

“எப்புடிங்கம்மா?”

“காவல்காரன் மற்ற எல்லாருக்கும் வணக்கம் சொல்லுறான். இவளைக் கண்டா மட்டும், என்ன அலுவல் எண்டு கேக்கிறான். கெதியிலை இந்த ஊரிலை கலவரம் வரும், தம்பி.”

அதனால்தான் களவு. கலவரக்காரர்கள் வருவதற்கு முன்னால் அந்தக் கடையின் சாமான்களை எடுத்து, நகர மதிலுக்கு வெளியே ஒரு பாழடைந்த குடிசையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார். சீஸ், பித்தளை விளக்கு, பீங்கான், ஒரு விளக்குமாறு. குடிசைக்குள் கால் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டர் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது.

அவருக்கு இரண்டு மனக்குறைகள். பல்லிமுகப் பெண்ணுடன் பேசப்போனால் வாங்கு, வில், ஊர்ச்செய்தி கேள், விடைபெறு என்று நாலு வழிதான் இருந்தது. “ஓடு எண்டு சொல்ல ஒரு பட்டன் இல்லையே,” என்று தலையில் கைவைத்தார். மற்றது, எடுத்த பொருள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் விளையாட்டு ஒரு சிவப்புக் கையை வரைந்துவிடும். களவுப்பொருள் என்று அர்த்தம். பரீட்சித்துப் பார்க்க ஒரு விளக்கைத் திரும்பக் கொண்டுபோய்க் கடைத் தட்டிலேயே வைத்தார். அப்போதும் சிவப்புக் கை போகவில்லை. சொந்தக்காரியின் தட்டிலேயே அது களவுப்பொருளாக உட்கார்ந்திருந்தது.

“என்ன நோக்கத்துக்கு எடுத்தது எண்டு கேக்கமாட்டாங்களே?” என்று பிரதம லிகிதர் திரையைப் பார்த்து அதட்டினார்.

(கையெழுத்துப் பிரதியைப் படித்தபோது லீலாதேவி அம்மா இந்த இடத்தில் பென்சிலால் எழுதியது: ‘நான் அதட்டவில்லை. விசாரித்தேன்.’)

4

“இந்த வெளயாட்டுல கலவரமே வராதுங்கம்மா,” என்றேன் ஒருநாள். “கடைசி வரைக்கும் ஆடினவங்க சொல்றாங்க.”

“எண்பத்துமூண்டிலையும் அப்பிடித்தான் சொன்னவை. கண்டியிலை ஒண்டும் நடக்காது எண்டு.”

பிறகு அவர் சொன்னதை, அழகுபடுத்தாமல் தருகிறேன். 1983 ஜூலையில் இதே வீட்டிலிருந்து பொலிஸ் ஜீப்பில் ஏற்றி அவர்களை அகதி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஜீப் திரும்பும்போது பின்கண்ணாடியால் பார்த்தார். கீழ் ஒழுங்கையில் இருக்கும் சிங்களவர் முதியான்சே, அவர்களுடைய கால்மெஷினை, கல்யாணத்துக்கு அம்மாவின் தகப்பனார் வாங்கிக் கொடுத்த தையல் மெஷினை, இன்னொருவருடன் சேர்ந்து வீட்டு வாசலால் தூக்கிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் வீடு எரிந்தது. சில வருடங்களில் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். மெஷினைப் பற்றி முதியான்சே எதுவும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. ஒரே ஒழுங்கைச் சந்தியால் எல்லோரும் போய்வந்தார்கள்.

“முதலிலை என்னைக் கண்டு சிரிச்சவர். நான் முகத்தைத் திருப்பினனான். பிறகு அவரும் விட்டிட்டார்.”

எனக்குப் புல்லரித்தது. கதை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலே ஓடிப்போய் ஒரே மூச்சில் இரண்டு முடிவு எழுதினேன்.

முடிவு ஒன்று: முதியான்சே ஒரு உத்தமர். மெஷினைப் பட்டுத்துணியால் மூடி, தினமும் விளக்கேற்றி—

முடிவு இரண்டு: முதியான்சே ஒரு கொள்ளைக்காரர். மறுவாரமே அதை விற்று—

இரண்டையும் கீழே கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவருடைய முகம் கறுத்தது.

“களவெடுத்தவர் எண்டால் எனக்கு ஒண்டுமில்லை. அது பழகிப்போச்சு. காப்பாத்தினவர் எண்டால் நான் என்ன செய்யிறது, தம்பி? இருபத்தைஞ்சு வருசம் அந்த மனுசனைக் கள்ளன் எண்டு மனசுக்குள்ளை வைச்சிருந்தனே. அதை எங்கை கொண்டுபோய்க் கொடுக்கிறது?”

அவர் அழுதார். நான் என் தாள்களை மடித்தேன்.

“என்ரை விசயத்தை நீர் மேசையிலை இருந்து முடிக்கேலாது,” என்றார் பிறகு. “பாத்திட்டு வருவம்.”

5

இந்த இடத்தில் பாத்திரம் நம்பமுடியாததாகிறது. ஒரு நல்ல எழுத்தாளன் அவரை முதியான்சேயின் முன்கதவைத் தட்டவைப்பான். நானும் அப்படி எழுதிப் பார்த்தேன். தட்டவே மறுத்துவிட்டார். கேட்டால் மனிதன் ஏதாவது பதில் சொல்லுவான், அது பொய்யாக இருக்கலாம், மெஷினின் நிலைமையைப் பார்த்தால் உண்மை தெரியும் என்பது அவருடைய வாதம். “இது களவில்லை, தம்பி. இருப்புச் சரிபார்ப்பு.”

பௌர்ணமிப் போயா நாள் காலை. முதியான்சே வீட்டார் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போவதைப் பார்த்தபின் புறப்பட்டோம். பிடிபட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த வருடத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையும் தோட்டத்து அடையாள அட்டையும் ஒரு சிங்கள வீட்டின் பின்பக்கத்தில் அகப்பட்டால், பொலிசில் அதைக் களவு என்று எழுதமாட்டார்கள்.

“அம்மா, திரும்பிப் போயிருவோம்ங்க.”

“குந்திக்கொண்டு வாரும். குந்தினால் கண்ணிலை படமாட்டம்.”

விளையாட்டில் அது சரி. இங்கே, முப்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு மனுஷி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிலோரமாகத் தவளை நடை நடந்தார். முழங்கால் இரண்டும் நெரிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. குழாயடியில் வாளியோடு நின்ற பெண், “நோனாவுக்கு இடுப்பு வலியா?” என்று சிங்களத்தில் அனுதாபத்தோடு விசாரித்தாள்.

“ஓம், சரியான வலி,” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் குந்தியபடியே தொடர்ந்தார்.

பூட்டைத் திறக்க ஒரு கொண்டை ஊசி கொண்டுவந்திருந்தார். பின்கதவு திறந்தே கிடந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். உள்ளே போனார். நான் பலாமரத்தடியில் நின்று, எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் துணைக்குக் கூப்பிட்டேன்.

உள்ளே ஓர் ஆண்குரல் கேட்டது. என் கால் இரண்டும் ஓடச் சொன்னன. ஓடினால் கதை முடிந்துவிடும் என்ற ஒரே காரணத்தால் நின்றேன். (பொய். பயத்தில் கால் நகரவில்லை.)

பிறகு முன்கதவு திறந்தது. நாங்கள் தமிழைப் பல்லுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் அந்த ஒழுங்கையில், லீலாதேவி அம்மா உரத்துக் கத்தினார்.

“சுவக்கின்! ஓடி வாரும்! இந்த மனுசன் தனியத் தூக்கி விழப்போகுது!”

6

முதியான்சே விகாரைக்குப் போகவில்லை. முழங்கால் வருத்தம். முன்னறைக் கதிரையில் இருந்தபடியே, ஒரு நோனா குந்திக்கொண்டு தன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்திருக்கிறார். “முன்கதவால் வந்திருக்கலாமே,” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. அம்மா பிறகு சொன்னபடி, அவர்கள் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஜன்னலோரம் மெஷின் இருந்தது. சக்கரம் பளபளவென்றிருந்தது. ஊசிக்குக் கீழே பாதி தைத்த பாடசாலைச் சட்டை.

“அன்றைக்கு எரிந்துவிடும் என்று தூக்கி வந்தேன். நீங்கள் திரும்பி வந்ததும் கொண்டுவந்து தரப் பயமாக இருந்தது. தந்தால் எடுத்தவன் நான் என்று ஆகிவிடும். கேட்டால் கொடுப்போம் என்று இருந்தேன். நோனா கேட்கவில்லை. பிறகு மகள் வளர்ந்தாள், தைக்கத் தொடங்கினாள். அவளுடைய சீவியமே இதில்தான்.”

லீலாதேவி அம்மா சொல்லவேண்டியதை நேராகச் சொன்னார். “நான் உங்களைக் கள்ளன் என்று நினைத்தேன்.”

“சில நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்தேன்,” என்றார் முதியான்சே.

அதன்பிறகு சண்டை. முதியான்சே மெஷினைக் கொண்டுபோகச் சொல்கிறார். அம்மா மாட்டேன், மகளின் சீவியம் என்கிறார். கடைசியில் கிழவர் பிடிவாதமாக எழுந்து தானே ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார். விழாமலிருக்க அம்மா மறுபக்கத்தைப் பிடித்தார். நான் வந்து நடுவில் தாங்கினேன். தூக்கியவர்கள் நடக்கவேண்டியதாயிற்று. யாருக்கும் இறக்கிவைக்கத் தெரியவில்லை.

7

வீதி முனையில், போயாவுக்கென்று புதிதாகப் போட்ட சோதனைச் சாவடி. இளம் சிப்பாய் ஒருவன் கையைக் காட்டி மறித்தான். ஒரு சிங்களக் கிழவர், யாழ்ப்பாணத்து அம்மா, தோட்டத்துப் பெடியன், நடுவில் இரும்புக் கால்மெஷின். அட்டைகளை வாங்கிப் பார்த்தான். சுற்றிவந்து மெஷினுக்குக் கீழே குனிந்து பார்த்தான்.

“இது யாருடையது?”

“நோனாவுடையது,” என்றார் முதியான்சே.

“இவருடையது,” என்றார் லீலாதேவி அம்மா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

ஒரு பொருளை இருவர் தன்னுடையது என்றால் என்ன செய்வது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். இதற்குப் பயிற்சி இல்லை. முகம் இறுகியது. துப்பாக்கிப் பட்டியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினான்.

“நீ சொல்லு.”

அம்மாவுடையது என்றால், அது முதியான்சே வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பான். கிழவர் இந்த வயதில் கொள்ளைக்காரராவார். முதியான்சேயுடையது என்றால், போயா நாளில் இரண்டு தமிழர் அதை ஏன் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்பான். நாங்கள் எங்கே போவோம் என்று சொல்லத் தேவையில்லை. இருவருடையது என்று ஒரு முடிவு எழுதினேன். வாசிக்க இதமாக இருந்தது. அந்தச் சிப்பாய் அதை நம்பமாட்டான்; அவனிடமுள்ள தாளில் ஒரு பெயருக்குத்தான் இடம். உண்மையில் அன்று நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். அது அன்றைக்குத் தப்ப உதவிய பதில், சரியான பதில் அல்ல. லீலாதேவி அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே இந்தக் கேள்வியை உங்களிடம் தருகிறேன். உங்களிடமிருந்து எப்போதாவது ஏதாவது போயிருக்கலாம். அல்லது, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், யாருடையதோ ஒன்று உங்கள் வீட்டு முன்னறையில் இருக்கலாம். எப்படியானாலும் நீங்களும் இந்த வரிசையில்தான் நிற்கிறீர்கள். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடிக்கிறது. சிப்பாய் பேனையைத் திறந்துவிட்டான். கெதியாகச் சொல்லுங்கள், மெஷின் கனக்கிறது, இரண்டு பேரும் பிடியை விடமாட்டேன் என்கிறார்கள்.