ஆட்டுத்தலை கிடந்த அடுப்பு

கணவாயைத் தாண்டி இறங்கும்போதே மச்சான் கெத்தில் திட்ட ஆரம்பித்துவிட்டார். பாசியின் மேல் கழிப்பறைக் காகிதம் கிடந்தது. ஒவ்வொரு பாறை மறைவிலும் கிடந்தது. பனியில் ஊறி, கூழாகி, நடுவில் பழுப்பாக. அவர் ஒரு குச்சியால் அதைக் கிளறியெடுத்துப் பையில் போட்டுக்கொண்டே வந்தார்.

"வெளிநாட்டுப் பன்னிங்க. முன்னெல்லாம் இங்க நரிப் பீ தவிர வேற எதுவும் கிடக்காது."

"அண்ணா, அந்தக் காகிதத்துக்கிட்ட பாஸ்போர்ட் கேட்டுப் பாத்தியா?" என்றாள் டாக்னி.

"சிரி, நல்லா சிரி. நம்மாளுங்க இப்படிப் பண்ணுவாங்களா?"

"சேச்சே, நம்மாளுங்க பேலவே மாட்டாங்க."

டாக்னி என் மனைவி. கெத்தில் அவளுடைய அண்ணன், எங்கள் மீன்பிடி ஊரின் மீட்புக்குழுத் தலைவர். ஆளில்லாத இந்தக் கரை முழுக்க, விரிகுடாவுக்கு ஒன்றாக நிற்கும் ஆரஞ்சு நிற அவசரக் குடில்களைப் பராமரிப்பது அந்தக் குழுதான். அன்று குடும்பத்தின் கோடை வீட்டிலிருந்து கிளம்பி, அடுத்த விரிகுடாவின் குடிலில் இரவு தங்கி, காலையில் படகு ஏறுவதாகத் திட்டம். எங்கள் பைகளில் உலர்ந்த மீன், வெண்ணெய், ஒரு குடுவை காப்பி. கூடாரமோ தூக்கப்பையோ அடுப்போ இல்லை. அதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சுமப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம். குடிலை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர் அடுப்பில் மரச்சீவல் பரப்பி, அதன்மேல் கடலில் ஒதுங்கிய மரத்தைப் பிளந்து அடுக்கி, தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போவார். விறைத்த விரலோடு வருகிறவர் ஒரு குச்சியை உரசினால் போதும். இது எங்கும் எழுதிவைத்த விதியல்ல. மறக்கிறவர்களும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தோம்.

காகிதம் பொறுக்கியதில் நேரம் போயிற்று. ஆற்றின் வாயை நாங்கள் அடைந்தபோது கடல் ஏற ஆரம்பித்திருந்தது. மூடுபனி வேறு இறங்கியிருந்தது.

"தண்ணி தொடையளவு இருக்கும் மச்சான். கொஞ்சம் பொறுப்போமா?" என்றேன்.

"பொறுத்தா இன்னும் ஏறும் மாப்பிள்ளை. அதோ, அக்கரையிலேயே குடில். ஒரே ஓட்டம்."

முதலில் அவர் கடந்தார். டாக்னி நடுவில் இருந்தபோது காலடிக் கல் புரண்டது. அவள் தலை முழுசாக உள்ளே போனது. நான் பாய்ந்து சட்டையைப் பிடிப்பதற்குள் நீர் அவளைக் கொஞ்ச தூரம் உருட்டிச் சென்றுவிட்டது. உருகிய பனியும் கடலும் கலந்த நீர் அது. இழுத்துக் கரையேற்றியபோது பல் கிட்டி நடுங்கினாள்.

"ஒண்ணுமில்ல. அடுப்பு பத்த வச்சா சரியாயிடும்," என்றாள்.

குடில் கதவை நெருங்கியபோதே நாற்றம் வந்தது. வாசற்படியின் ஓரத்தில் யாரோ மலம் கழித்திருந்தார்கள். மழைக்குச் சோம்பி, கதவை விட்டு ஓரடிகூட நகராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே அதைவிட மோசம். போர்வைகள் தரையில் சுருண்டு கிடந்தன. ஒன்றில் வாந்தி காய்ந்து, தோல் போல விறைத்திருந்தது. விறகுப்பெட்டி காலி. அதற்குள் சாராய போத்தல்கள்.

கெத்தில் அடுப்பின் கதவைத் திறந்தார். ஈக்கள் முகத்தில் மோதின. சீவல் இருக்கவேண்டிய இடத்தில் பாதி தின்ற ஆட்டுத்தலைகள் திணிக்கப்பட்டிருந்தன. கண்குழிகளில் புழு நெளிந்தது. தாடைகளுக்கிடையே உருகிய பிளாஸ்டிக், மேலே ஊற்றிய மீன்குழம்பு, அதன் பச்சைப் பூஞ்சை.

"வெளிநாட்டு நாயிங்க!" என்று கத்தினார் கெத்தில். "பாத்தியா? பாத்தியா மாப்பிள்ளை?"

பார்த்தேன். மயிர் பொசுக்கி வேகவைத்த ஆட்டுத்தலை அது, எங்கள் ஊர்த் தீனி. அதைக் கணவாய் தாண்டிச் சுமந்துவரும் வெளிநாட்டுக்காரன் இன்னும் பிறக்கவில்லை. அடுப்பைச் சுற்றிக் கிடந்த காகிதக் கைக்குட்டைகளில் மூக்குப்பொடியின் காப்பிநிறச் சளி. கெத்திலின் சட்டைப் பையிலும் அதே பொடிதான் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், கத்துவதை நிறுத்தினார்.

டாக்னியின் ஈர உடைகளைக் கழற்றி என் உலர்ந்த கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டேன். அவள் நடுக்கம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு நின்றுவிட்டது. அது நல்ல அடையாளமல்ல என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"தூக்கம் வருது," என்றாள்.

"தூங்காத. டாக்னி, என்னப் பாரு."

கெத்தில் குடிலின் வயர்லெஸ் வானொலியில் பேசினார். பதில் கரகரத்து வந்தது: மூடுபனியில் ஹெலிகாப்டர் இறங்காது, படகு விடிந்துதான்.

அடுப்பைக் காலி செய்ய மண்வாரியைத் தேடினோம். அதன் மரப்பிடியையும் எரித்திருந்தார்கள், நெளிந்த இரும்புத் தகடு மட்டும் அடுப்புக்கு அடியில் சாம்பலில் கிடந்தது. கெத்தில் கைகளை முழங்கை வரை உள்ளே விட்டார். புழுவும் சாறும் விரலிடுக்கில் வழிய, ஒவ்வொரு தலையாக இழுத்து வாசலுக்கு வெளியே எறிந்தார். புகைக்குழாயின் வாயையும் அடைத்திருந்தார்கள். அதையும் நகத்தால் சுரண்டினார். இருமுறை குமட்டி வெளியே ஓடினார், திரும்பி வந்தார்.

நான் பரணில் டாக்னியோடு ஒட்டிப் படுத்தேன். போர்த்திக்கொள்ள அந்தப் போர்வைகளை விட்டால் வேறில்லை. வாந்தி காய்ந்ததையும் எடுத்து இருவர் மேலும் இழுத்துவிட்டேன். அதன் புளிப்பு மூக்கில் ஏறியது. இன்று நினைத்தாலும் நாக்கில் தட்டுகிறது.

கெத்தில் பெஞ்சின் கால்களைப் பிடுங்கிக் கத்தியால் சீவினார். தீப்பெட்டி இருந்த தகர டப்பாவுக்குள் சிகரெட் துண்டுகள். அவற்றின் அடியில் சில குச்சிகள். முதல் குச்சி முறிந்தது. அடுத்தது புகைந்து அணைந்தது. அதற்கடுத்தது பிடித்தது. அடுப்பில் ஒட்டியிருந்த கொழுப்பு பொரிய ஆரம்பித்து, அழுகிய இறைச்சியின் புகை குடிலை நிறைத்தது. கதவைத் திறக்க முடியாது. சூடு போய்விடும். அந்தப் புகையையே மூவரும் மூச்சாக இழுத்தோம்.

நெடுநேரம் கழித்து டாக்னி மறுபடியும் நடுங்கினாள். பரணே ஆடும்படி நடுங்கினாள். நான் அழுதேன். காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபோது முகத்தைச் சுளித்தாள்.

"இந்த நாத்தம் எங்கேருந்து வருது?"

நான் கெத்திலைப் பார்த்தேன். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன சனிக்கிழமை குடில் சரிபாக்க வந்தோம்," என்றார். "நாங்கதான். கொஞ்சம் போதை ஏறிப்போச்சு. அலை கிளம்புதுன்னு நான் முதல்ல படகுக்கு இறங்கிட்டேன். பசங்க சுத்தம் பண்ணி அடுப்பு அடுக்கிட்டு வருவாங்கன்னு நெனச்சேன்."

"அவங்க?" என்றாள் டாக்னி.

"நான் அடுக்கிட்டேன்னு நெனச்சிருப்பாங்க."

"அந்த வாசல்ல இருக்கறது?"

கெத்திலின் காது மடல் சிவந்திருந்தது.

பிறகு எழுந்து வந்து, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கக் கையை நீட்டினார். டாக்னி தலையைச் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கையால என்னத் தொடாத," என்றாள். "போய்க் கழுவு."

அவர் கதவைத் திறந்து மூடுபனிக்குள் போனார். கடல் இருந்த திசையில் நீர் அளையும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.